எருக்கஞ்செடியில் லத்தீன் படிக்கலாம்

தாவரங்களை விவரிக்கும் ஆங்கில நூல்களை ‘ஃபுளோரா’ என்பார்கள். ரோமானியர்களின் பூத்தெய்வம் ஃபுளோரா. அவள் பெயரே இந்த நூல்வகைக்கும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டுச் செடிகொடிகளை முறையாக அடையாளம் காண விரும்புகிறவர் என்றாவது ஒருநாள் இந்த நூல்களிடம் வந்தே தீர வேண்டும். ஜோசப் ஹூக்கர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபுளோரா, கேம்பிள் 1915-இல் தொடங்கி, அவர் மறைந்தபின் ஃபிஷர் 1936-இல் முடித்துவைத்த சென்னை மாகாண ஃபுளோரா, 1980களில் திருச்சியிலிருந்து கே.எம். மாத்யூ உருவாக்கித் தந்த தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் ஃபுளோரா ஆகிய மூன்றும் இன்றைக்கும் விலக்க முடியாதவை.

நூலைத் திறந்தால் முதலில் வருவது மலைப்புதான். இலை ‘செசைல்’, அடிப்பகுதி ‘கார்டேட்’, கீழ்ப்புறம் ‘டொமென்டோஸ்’, கனி ‘ஃபாலிக்கிள்’ என்று வரிக்கு வரி போகும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் இங்கே மூச்சு முட்டும். காரணம், ஆங்கில வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் லத்தீன் சொற்கள். புத்தகத்தின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் இருக்கும். ‘செசைல் என்றால் காம்பற்றது’ என்று அது சொல்லும். படித்த அன்று புரியும், அடுத்த வாரம் மறுபடி புரட்ட வேண்டியிருக்கும்.

இந்த அத்தியாயம் வேறு வழியைச் சொல்கிறது. இந்தச் சொற்களில் முக்கால்வாசி ஒரு காலத்தில் ரோமானியர் வீட்டிலும் வயலிலும் படையிலும் புழங்கிய சாதாரணப் பொருள்களின் பெயர்கள். ஈட்டி, கேடயம், கூரை ஓடு, தறி நூல், உலக்கை, மெத்தைப் பஞ்சு. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொண்டால் சொல் மறக்காது. செடியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதுவே காட்டிவிடும். பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. செடியின் முன்னால் நின்று படிப்பதுதான் சரி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

எருக்கிலிருந்து தொடக்கம்

எந்த ஊரிலும் சாலையோரத்தில் எருக்கு இருக்கும். கிளையை ஒடிக்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே பார்க்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும். தொட்ட கையைக் கழுவும்வரை கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கின்றன. காம்பு எங்கே என்று தேடினால் கிட்டத்தட்ட இல்லை; இலை நேராகத் தண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ‘செசைல்’ என்பதற்கு அதுதான் பொருள். லத்தீனில் ‘செடேரே’ என்றால் உட்கார்தல். உட்கார்ந்தே வேலை செய்யும் வாழ்க்கையைச் சொல்லும் ‘செடென்டரி’, அவை கூடி உட்காரும் ‘செஷன்’, தண்ணீரின் அடியில் படியும் ‘செடிமென்ட்’ எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவை.

இப்போது இலையின் அடிப்பகுதியைப் பாருங்கள். இரண்டு மடல்களாகப் பிரிந்து தண்டை இருபுறமும் வளைத்துப் பிடித்திருக்கும். இதயத்தின் மேற்பகுதி போன்ற அந்த வடிவம் ‘கார்டேட்’. இதயம் லத்தீனில் ‘கார்’. தண்டைத் தழுவும் அந்த நிலைக்கு ‘ஆம்ப்ளெக்சிகால்’ என்று பெயர். நீளமான சொல்தான், ஆனால் பிரித்துவிட்டால் எளிது: ‘ஆம்ப்ளெக்டி’ தழுவுதல், ‘காலிஸ்’ தண்டு. இந்த காலிஸைக் காய்கறிக் கடையில் தினமும் பார்க்கிறோம். காலிஃபிளவரின் முற்பாதி அதுதான். பலாமரம் அடிமரத்திலேயே பூத்துக் காய்ப்பதைத் தாவரவியலார் ‘காலிஃப்ளோரி’ என்பார்கள், தண்டில் பூப்பது.

முதிர்ந்த இலையின் நிறம் வெறும் பச்சை இல்லை. சாம்பலும் நீலமும் கலந்த மங்கலான பச்சை. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போன ‘கிளாக்கஸ்’ என்ற சொல் இந்த நிறத்தைக் குறிக்கிறது. பிறகு இளந்தளிருக்கு வாருங்கள். கைலென்ஸை வைத்தால் வெண்மையான இழைகள் ஒன்றோடொன்று சிக்கிப் பின்னிக் கிடப்பது தெரியும். கட்டைவிரலால் தேய்த்தால் வந்துவிடும். இதுதான் ‘டொமென்டம்’; அப்படி மூடப்பட்ட பரப்பு ‘டொமென்டோஸ்’. ரோமானியர் மெத்தைக்கும் தலையணைக்கும் உள்ளே அடைத்த கம்பளி, முடி, வைக்கோல் போன்றவற்றுக்கு டொமென்டம் என்று பெயர். தேய்த்த விரலில் ஒட்டியிருப்பதைப் பார்த்தவருக்கு இந்தச் சொல்லை இன்னொரு முறை விளக்க வேண்டியதில்லை.

பூவுக்கு வருவோம். எருக்கம்பூ மாலை கட்டிப் பிள்ளையாருக்குப் போடுகிறோம். பூவின் இதழ் வட்டத்துக்கு உள்ள சொல் ‘கரோலா’. லத்தீனில் அதற்குச் சின்ன மாலை என்றே பொருள். ‘கொரோனா’ என்ற சொல்லின் சிறுமை வடிவம் அது. கொரோனா என்றால் தலையில் சூடும் மாலை, முடி. எருக்கம்பூவில் இரண்டும் உண்டு: வெளியே விரிந்த ஐந்து மடல்கள் கரோலா, நடுவில் ஐந்து தூண்களாக நிமிர்ந்து நிற்கும் அந்தக் கட்டமைப்பு கொரோனா. வைரஸுக்கு அந்தப் பெயர் வந்ததும், இதயத்தைச் சுற்றிவரும் ரத்தக்குழாய்க்குக் ‘கரோனரி’ என்ற பெயர் வந்ததும் இதே முடியிலிருந்துதான்.

விரியாத மொட்டு ஒன்றைத் தேடுங்கள். ஐந்து மடல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு பொருந்தி மூடியிருக்கும். ‘வால்வேட்’. ‘வால்வா’ என்பது இரட்டைக் கதவின் ஒரு பலகை. பக்கத்திலேயே செம்பருத்தி இருந்தால் அதன் மொட்டையும் பாருங்கள். பச்சைப் புல்லிவட்டம் கதவு மூடிய மாதிரி வால்வேட். உள்ளே சிவப்பு இதழ்களோ ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருக்கும். மடல்கள் ஒன்றன் விளிம்பை மற்றொன்று மூடியிருந்தால் ‘இம்ப்ரிகேட்’ என்பார்கள். வளைந்த கூரை ஓட்டுக்கு லத்தீனில் ‘இம்ப்ரெக்ஸ்’ என்று பெயர். அந்தப் பெயரே ‘இம்பெர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது; இம்பெர் என்றால் மழை. மொட்டுக்குள் இதழ்கள் அடுக்கியிருக்கும் முறையைக் குறிக்கிற ஒரு வறண்ட கலைச்சொல்லுக்குள் மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

காய்க்கும் பருவமானால் கனியையும் பார்த்துவிடலாம். உப்பலான, சற்றே வளைந்த பை. காய்ந்ததும் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வெடிக்கும். நம் பாடநூல்கள் இதை ஒருபுற வெடிகனி என்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஃபாலிக்கிள்’, லத்தீனில் சிறிய பை என்று பொருள். ‘ஃபாலிஸ்’ என்பது கொல்லன் பட்டறைத் துருத்தி. முடி முளைக்கும் நுண்பைக்கும் ஃபாலிக்கிள் என்றுதான் பெயர். முட்டாளைக் குறிக்கும் ‘ஃபூல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தத் துருத்தியிலிருந்து பிறந்தது: உள்ளே காற்று மட்டும்.

வெடித்த கனியிலிருந்து விதைகள் பட்டு போன்ற குஞ்சத்தோடு பறக்கும். அந்தக் குஞ்சம் ‘கோமா’. தலைமுடி என்பதற்கான சொல். ‘காமெட்’ எனப்படும் வால்நட்சத்திரம் உண்மையில் நீள்முடி நட்சத்திரம். மருத்துவமனையில் கேட்கும் ‘கோமா’ வேறு. அது ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல், எழுத்து மட்டும்தான் ஒன்று. இப்படி ஒரே எழுத்தில் வரும் அன்னியர்கள் இந்தத் துறையில் பலர் உண்டு.

ஒரு செடியில் இவ்வளவு கிடைத்துவிட்டது. இனி நூலில் எருக்கைப் பற்றிய பத்தியை எடுத்து வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் கண் செடியின் ஓர் இடத்துக்குப் போகும்.

லத்தீன் வேண்டாம் என்று ஒருவர் முயன்றார்

இவ்வளவு கஷ்டம் எதற்கு, எளிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதை முயன்றே பார்த்திருக்கிறார்கள். டிஜிட்டாலிஸ் மருந்தால் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற வில்லியம் விதரிங், 1776-இல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதினார். மகரந்தத்தாளைக் குறிக்கும் ‘ஸ்டேமன்’ என்ற இடத்தில் ‘சைவ்’ என்றும், சூலகத்தைக் குறிக்கும் ‘பிஸ்டில்’ என்ற இடத்தில் ‘பாயின்டல்’ என்றும் பழகிய ஆங்கிலச் சொற்களை வைத்தார். லத்தீன் படிக்காத பெண்களும் இளைஞர்களும் வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

லிச்ஃபீல்டு நகரில் வாழ்ந்த எராஸ்மஸ் டார்வினுக்கு இது பிடிக்கவில்லை. பரிணாமக் கொள்கையின் சார்லஸ் டார்வினுக்கு அவர் தாத்தா. லத்தீனில் எழுதிய தாவரவியலார் லின்னேயஸின் நூலை அப்படியே ஆங்கிலத்தில் தர வேண்டும், கலைச்சொற்களை மாற்றாமல் ஆங்கில உருவம் மட்டும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். லிச்ஃபீல்டு தாவரவியல் கழகம் என்ற பெயரில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை தொடங்கியது. கழகத்தில் மொத்தம் மூன்றே பேர்: டார்வின், புரூக் பூத்பி, வில்லியம் ஜாக்சன். சொற்களை அமைப்பதில் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் ஆலோசனையும் கிடைத்ததாக முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். 1780களில் நூல் வந்தது. காலப்போக்கில் நிலைத்தவை டார்வின் பக்கத்துச் சொற்களே. சைவும் பாயின்டலும் வழக்கொழிந்தன.

விதரிங்கின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் லத்தீன் வென்றது நல்லதாகவே போயிற்று என்று நினைக்கிறேன். அதே சொல்லைப் பிரெஞ்சு நூலிலும் ஸ்பானிய நூலிலும் சிறு உருமாற்றத்தோடு காண முடிகிறது. புதுச்செடி ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் விவரணையை லத்தீனில்தான் வெளியிட வேண்டும் என்ற விதி 1935-இல் நடைமுறைக்கு வந்து 2011 முடியும்வரை இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்தினார்கள். அந்தக் கால விவரணைகளைப் படிக்க இந்தச் சொற்களைத் தவிர வேறு வாசல் இல்லை.

மூன்று சின்னக் கால்கள்

தமிழில் எல்லாவற்றுக்கும் காம்பு என்று சொல்லி, முன்னால் இலை, பூ, மஞ்சரி என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கில நூல்களில் இதற்கு மூன்று தனிச் சொற்கள். இலைக்காம்பு ‘பெட்டியோல்’. பூங்கொத்து முழுவதையும் தாங்குவது ‘பெடங்கிள்’. கொத்துக்குள் தனித்தனிப் பூவைத் தாங்குவது ‘பெடிசெல்’. மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே: சின்னக் கால். ‘பெஸ்’ என்ற லத்தீன் பாதம்தான் மூன்றிலும் இருக்கிறது. சைக்கிள் பெடலும் பாதசாரியைக் குறிக்கும் ‘பெடஸ்ட்ரியனும்’ இதே பாதம். பொருள் ஒன்றானதால் குழப்பம் வருவது இயல்பு. கொத்தமல்லிப் பூங்கொத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எது எதைத் தாங்குகிறது என்று விரலால் தொட்டுச் சொல்லிப்பாருங்கள். ஒருதரம் சரியாகச் சொல்லிவிட்டால் பிறகு தவறாது.

அந்தக் கொத்தமல்லிக் கொத்துக்கு ‘அம்பெல்’ என்று பெயர். எல்லாக் காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி மேலே விரியும். ‘அம்ப்ரா’ நிழல், ‘அம்பெல்லா’ சிறுநிழல் தரும் குடை. ‘அம்ப்ரெல்லா’ இத்தாலிய மொழி வழியாக அங்கிருந்துதான் வந்தது. சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், கேரட் எல்லாம் அடங்கிய குடும்பத்துக்கே பழைய நூல்களில் அம்பெல்லிஃபெரே என்று பெயர், குடை தாங்கிகள். ‘ஸ்பைக்’ என்பது தானியக் கதிர். ‘ரசீம்’ என்பது திராட்சைக் குலை. பாயசத்தில் போடும் ‘ரெய்சின்’ அதே சொல்லின் பிரெஞ்சு வழிப் பேரன். அத்திமரத்தின் பெயர் ஃபைக்கஸ் ரசிமோசா. அடிமரத்தில் குலைகுலையாகக் காய்த்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் விளங்கும்.

முடியின் அளவுகள்

செடியின் மேற்பரப்பில் உள்ள முடியைச் சொல்ல இந்த நூல்களில் இருபதுக்கும் மேற்பட்ட சொற்கள் புழங்குகின்றன. இது வீண் ஆடம்பரம் இல்லை. நெருங்கிய இரண்டு இனங்களைப் பிரிக்க சில வேளைகளில் முடி ஒன்றுதான் துணை. முதலில் ஐந்தாறு போதும்.

முடியே இல்லையென்றால் ‘கிளாப்ரஸ்’. ‘கிளாபெர்’ என்றால் முடியற்ற, வழுவழுப்பான. இரண்டு புருவங்களுக்கும் நடுவே முடி இல்லாத இடத்தை உடற்கூற்றியலில் ‘கிளாபெல்லா’ என்பதும் இதனால்தான். அதிமதுரத்தின் பெயரான கிளிசிரைசா கிளாப்ராவில் முதற்சொல் கிரேக்கம், இனிப்பு வேர் என்று பொருள். இரண்டாவது இந்த முடியற்ற லத்தீன். ‘பியூபசென்ட்’ என்பது மெல்லிய பூனைமுடி. பருவமடைவதைக் குறிக்கும் ‘பியூபர்ட்டி’யோடு உறவுடையது. ‘ஹிர்சூட்’, ‘ஹிர்டஸ்’ இரண்டும் பரட்டையான நீள்முடி. அம்மான் பச்சரிசியின் தண்டை லென்ஸில் பாருங்கள். யூஃபோர்பியா ஹிர்டா என்ற பெயர் எதைச் சொல்கிறது என்று தெரியும். ‘ஹிஸ்பிட்’ குத்தும் சுணை. ‘ஸ்காப்ரஸ்’ சொரசொரப்பு, சொறியைக் குறிக்கும் ‘ஸ்கேபீஸ்’ அதற்கு உறவு. ‘செரிசியஸ்’ என்றால் ஒரே திசையில் படிந்து மின்னும் பட்டுமுடி. பட்டு எங்கிருந்தோ கிழக்கிலிருந்து வருகிறது என்று மட்டும் அறிந்திருந்த ரோமானியர், அதைத் தந்த மக்களை ‘செரெஸ்’ என்று அழைத்தார்கள். அந்த மக்களின் பெயர் பட்டுக்கு ஆகி, பட்டின் பெயர் இலைக்கு ஆயிற்று.

ஆயுதசாலை

இலை வடிவச் சொற்களை ரோமப் படைவீரனின் கையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ‘லான்சியோலேட்’ சிற்றீட்டியின் முனை, அரளி இலை. ‘ஹேஸ்டேட்’, ‘சாஜிட்டேட்’ இரண்டும் அடியில் மடல் உள்ளவை. வேறுபாடு முக்கியம்: மடல்கள் கீழ்நோக்கி இருந்தால் அம்புமுனை, சாஜிட்டேட், பக்கவாட்டில் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் ஈட்டிமுனை, ஹேஸ்டேட். ‘என்சிஃபார்ம்’ வாள். கிளாடியோலஸ் பூவின் பெயரே சின்னவாள். அதே வாளைப் பிடித்தவன் கிளாடியேட்டர்.

‘பெல்டேட்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் அருமையான எடுத்துக்காட்டு தாமரை. காம்பு இலையின் விளிம்பில் சேராமல் நடுவில் சேர்கிறது. ‘பெல்டா’ என்பது சிறு கேடயம். உட்புறம் நடுவில் கைப்பிடி. ஆமணக்கு இலையும் பெல்டேட்தான், ஆனால் ஐந்துக்கும் மேற்பட்ட விரல்களாகப் பிளந்திருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள்.

மலைப்பகுதித் தோட்டங்களில் வளரும் டிரோபியோலத்துக்கும் இப்படிக் கேடய இலை உண்டு. லின்னேயஸ் அதைப் பார்த்து, இலையைக் கேடயமாகவும் பூவைத் தலைக்கவசமாகவும் எண்ணி, வெற்றிச்சின்னம் என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார். தோட்டக்காரர்கள் இதை ‘நஸ்டர்ஷியம்’ என்பார்கள். தாவரவியலில் நஸ்டர்ஷியம் வேறொரு செடி, நீர்க்கீரை வகை. விதை வாங்கும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பூவுக்குள் தறியும் உலக்கையும்

ஊமத்தம்பூ ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஊமத்தை முழுச்செடியும் நச்சு என்பதால் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழலின் உட்சுவரை ஒட்டி ஐந்து இழைகள் எழுந்து நிற்கும். இவை மகரந்தத்தாள்கள், ‘ஸ்டேமன்’. ரோமானியரின் தறி படுத்திருப்பதில்லை, நின்ற தறி. அதில் மேலிருந்து கீழாக நிற்கும் பாவு நூலுக்கு ஸ்டேமன் என்று பெயர். லில்லிப் பூவின் உள்ளிழைகளுக்கு ரோமானிய எழுத்தாளர் பிளினியே இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். லத்தீனில் இதன் பன்மை ‘ஸ்டேமினா’. ஆமாம், ஓடுகிறவருக்கு வேண்டும் என்கிறோமே அதே ஸ்டேமினா. மனிதரின் ஆயுளை விதித்தெய்வங்கள் நூலாக நூற்பதாக ரோமானியர் நம்பினார்கள். நூல் வலுவாக இருந்தால் உயிர்வலு. அந்தப் பன்மைச் சொல் ஆங்கிலத்தில் ஒருமையாகித் தாங்குதிறன் ஆகிவிட்டது.

இழைகளின் நடுவே, அடியில் பருத்து மேலே நீண்டு போவது சூலகம், ‘பிஸ்டில்’. ‘பிஸ்டில்லம்’ என்றால் உலக்கை. ‘பெசில்’ என்று இப்போது ஆங்கிலத்தில் சொல்வதும், எஞ்சினின் ‘பிஸ்டனும்’ இடித்தல் என்ற ஒரே வினையின் பிள்ளைகள். பிளந்த பூவில் அந்த உருவத்தைப் பார்த்துவிடலாம். மகரந்தத்தைக் குறிக்கும் ‘போலன்’, சலித்த நயமான மாவு. உலக்கையும் மாவும் ஒரே பூவுக்குள் இருப்பது தற்செயல்தான். ஆனால் கற்றுக்கொடுக்கும்போது இந்தத் தற்செயலை நான் விடுவதில்லை.

உதிர்வதும் உதிராததும்

ஆங்கிலத்தில் உதிர்வதற்கு ஒரே சொல் இருந்தால் தாவரவியலாருக்குப் போதாது. எப்போது உதிர்கிறது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. பிரம்மதண்டுப் பூ விரிகிற அந்த நேரத்திலேயே புல்லியிதழ்கள் கழன்று விழுந்துவிடும். விரிந்த பூவில் புல்லிவட்டத்தைத் தேடி ஏமாறக் கூடாது. இப்படி முந்தி விழுவது ‘கடூக்கஸ்’. பருவம் முடிந்து விழுவது ‘டெசிடுவஸ்’. இரண்டிலும் ‘கடேரே’, விழுதல் என்ற வினை இருக்கிறது. பிணத்தைக் குறிக்கும் ‘கடாவர்’, அருவியைக் குறிக்கும் ‘காஸ்கேட்’ அதே வினை. வாடிய பிறகும் விழாமல் தொங்கினால் ‘மார்செசென்ட்’. வெட்டாமல் விட்ட பனையில் கழுத்தைச் சுற்றித் தொங்கும் காவோலையைப் பாருங்கள்.

விழாமலே இருப்பது ‘பெர்சிஸ்டென்ட்’. கத்தரிக்காயின் தலையில் முள்ளோடு இருக்கும் பச்சைத் தொப்பி பூவின் புல்லிவட்டமேதான். இதற்கும் ஒருபடி மேலே ஒரு சொல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: ‘அக்ரெசென்ட்’. பூ போனபிறகும் நின்று, கூடவே வளர்ந்துகொண்டும் இருப்பது. வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளியைச் சிறுவர்கள் நெற்றியில் அடித்து உடைப்பார்கள். அந்தக் காற்றடைத்த பை கனியின் தோல் இல்லை. பூவாக இருந்தபோது மிகச் சிறியதாக இருந்த புல்லிவட்டம், கனி பருக்கப் பருக்கத் தானும் பெருத்து அதை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. ஒரே செடியில் பூ, பிஞ்சு, காய் மூன்றையும் பறித்து வரிசையாக வைத்தால் அந்த வளர்ச்சி முழுவதும் தெரியும். ‘கிரெசெரே’ வளர்தல், வளர்பிறையைக் குறிக்கும் ‘கிரெசென்ட்’ அதிலிருந்து வந்தது.

முன்னொட்டுகளில் இரண்டு கண்ணிகள்

‘சப்’ என்றால் கீழே என்று பள்ளியில் படித்திருப்போம். தாவர விவரணையில் அது பெரும்பாலும் ‘ஏறக்குறைய’ என்று பொருள்படும். ‘சப்செசைல்’ என்றால் கிட்டத்தட்டக் காம்பில்லை, உற்றுப்பார்த்தால் கொஞ்சம் உண்டு. எருக்கிலைக்கே பல நூல்கள் இப்படித்தான் எழுதும்.

‘ஆப்’ என்பது தலைகீழ். ‘ஓவேட்’ முட்டை வடிவம், அகன்ற பக்கம் காம்பை ஒட்டி. ‘ஆப்ஓவேட்’ என்றால் அகன்ற பக்கம் நுனியில். வாதுமை இலையைப் போல. ‘ஆப்கார்டேட்’ என்றால் இதயம் கவிழ்ந்து, பிளவு நுனிப்பக்கம். புளியாரையின் மூன்று சிற்றிலைகள். இந்த இரண்டெழுத்தைத் தாண்டிப் படித்துவிட்டால் அடையாளம் முழுக்கவே தவறிப்போகும்.

இதைவிட ஆபத்தானவை தெரிந்த ஆங்கிலச் சொற்கள். அகராதி தேவையில்லை என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். ‘என்டயர்’ என்றால் முழு இலை என்று பொருளல்ல. விளிம்பில் பல்லோ வெட்டோ இல்லை என்பது. மூலமான ‘இன்டிஜெர்’ தீண்டப்படாதது. ‘சிம்பிள்’ இலை என்றால் சிற்றிலைகளாகப் பிரியாதது. ‘பெர்ஃபெக்ட்’ பூ என்றால் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளது. ‘ஃப்ரீ’ என்றால் ஒன்றோடொன்று ஒட்டாதது. தண்டைப் பற்றி ‘ரீபென்ட்’ என்று எழுதியிருந்தால் மனம் வருந்துவதாக எண்ண வேண்டாம். தரையில் ஊர்ந்து போகிறது. ‘ரெப்டைல்’ அதன் தங்கை.

இரண்டாம் பெயரின் பால்

கடைசியாக ஒன்று. முள்ளங்கி ரஃபானஸ் சட்டைவஸ், நெல் ஒரைசா சட்டைவா, கொத்தமல்லி கோரியாண்ட்ரம் சட்டைவம். மூன்றிலும் சொல் ஒன்றுதான்: விதைத்துப் பயிர்செய்வது. முதற்பெயர் ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்று மாறுவதால் இரண்டாம் பெயரின் விகுதியும் கூடவே மாறுகிறது. வந்தான், வந்தாள், வந்தது என்று வினையையே பாலுக்கேற்ப முடிக்கப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். ‘அஸ்’ என்று முடிந்தாலும் மரங்கள் லத்தீனில் பெரும்பாலும் பெண்பால். அதனால்தான் அரசமரம் ஃபைக்கஸ் ரெலிஜியோசா. ரெலிஜியோசஸ் என்று எழுதினால் பிழை.

எல்லா இரண்டாம் பெயரும் லத்தீனாகவும் இருக்காது. ஜஸ்டிசியா அடதோடாவில் இருப்பது நம் ஆடாதோடை. மாமரத்தின் மேன்ஜிஃபெராவில் மாங்காயும், தாங்குதல் என்ற லத்தீன் வினையும் கைகோத்திருக்கின்றன. ‘ஒஃபிசினாலிஸ்’, ‘ஒஃபிசினாலே’ என்று வந்தால், மருந்து தயாரித்து வைத்த பழைய மடாலய அறையில் அதற்கு இடம் இருந்தது என்று அறியலாம். இஞ்சியின் பெயரில் இருப்பது அதுதான்.

‘இன்டிகா’ மட்டும் நம்பத்தக்கதல்ல. லின்னேயஸ் காலத்தவருக்கு இந்தியா என்பது கிழக்கே நீண்டு கிடந்த ஒரு பெருநிலம். புளியமரம் டமரின்டஸ் இன்டிகா. அராபியர் அதை இந்தியப் பேரீச்சை என்று அழைத்த பெயர் முதற்சொல்லில், இந்தியா மறுபடியும் இரண்டாம் சொல்லில். இருமுறை இந்தியா என்று சொன்னாலும் மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. செடியின் பிறப்பிடம் தெரிய வேண்டுமானால் பெயரை விட்டுவிட்டு, விவரணையின் இறுதியில் பரவல் பற்றி எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள்.